படகின் வயிறு

நம் மன்றத்து நண்பர்களில் பூவாற்றுப் பொழியில் படகேறிச் சுற்றாதவர் சிலரே இருப்பர். கண்டற் காட்டுக்குள் படகு நுழையும்போது எல்லாரும் அண்ணாந்து கிளைகளையும் பறவைகளையும் பார்க்கின்றோம். நம்மைச் சுமந்து செல்லும் படகின் வயிற்றை எவரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை. படகைக் கரையேற்றாமல், அது நீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே அதன் உடலைத் துடைப்பது எப்படி, மெழுகு பூசுவது எப்படி, எந்த இடத்தில் மெழுகு பயன்படும், எந்த இடத்தில் பயன்படாது என்பனவே இங்குச் சொல்லப்படும் செய்திகள்.

பாலராமபுரத்துக்காரனுக்குப் படகோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் தறி உண்டு, கடல் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சந்திப்பிலிருந்து பிரியும் ஒரு சாலை பத்துக் கிலோமீட்டர் அளவில் விழிஞ்ஞம் கடற்கரையில் கொண்டுபோய் விடுகின்றது. தெற்கே போனால், அகத்தியமலையில் பிறந்து நெய்யாற்றின்கரையைத் தொட்டு வரும் நெய்யாறு பூவாற்றில் கடலை அடைகின்றது. மேலும், மலையாளத்தில் தறியில் ஓடும் நாடாவுக்கும் ஓடம் என்றே பெயர். இவ்வளவு உறவு போதும் அன்றோ!

முதலில் ஒரு கேள்வி. விழிஞ்ஞத்துப் பழைய கட்டுமரத்துக்கு யாராவது மெழுகு பூசினார்களா? இல்லை. பூச வேண்டிய தேவையே எழவில்லை. கட்டுமரம் காலையில் கடலுக்குப் போகும். திரும்பியதும் மணலில் ஏற்றிக் கட்டவிழ்த்துக் காய வைப்பார்கள். நீரில் ஒட்டிக்கொள்ள வந்த உயிர்கள் வெயிலில் காய்ந்து சாகும். பலகையில் கட்டிய வள்ளங்களையும் கரையில் இழுத்துப் போட்டு, முந்திரி ஓட்டு எண்ணெயோ மீன் எண்ணெயோ பூசினர். முந்திரி ஓட்டு எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். மனிதத் தோலையே சுடும் அந்தப் பொருளைக் கப்பற்புழுவும் விரும்புவதில்லை என்று கண்டறிந்த முன்னோர் இரசாயனம் படித்தவர் அல்லர். ஆயினும் நல்ல இரசாயனிகள்.

தொல்லை தொடங்கியது, படகு நீரிலேயே தங்கத் தொடங்கிய பிறகுதான். 1980களில் தென்கரையில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றைக் கட்டும் பட்டறைகளை நடத்தியது. அப்பலகையின்மேல் கண்ணாடியிழைப் போர்வை வந்தது. பிறகு முழுவதும் கண்ணாடியிழையாலேயே ஆன படகுகள் வந்தன. கரையில் இவற்றைப் ‘பைபர்’ என்றே சொல்கின்றனர். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளே அவை நாட்கணக்கில் கட்டிக் கிடக்கலாம். பூவாற்று உலாப் படகுகளோ ஆண்டு முழுவதும் நீரைவிட்டு எழுவதில்லை. கரையேற்றினால் கூலி, கூலியோடு பிழைப்பில்லாத நாட்கள். ஆகவேதான் மிதக்கும்போதே துடைக்க வேண்டியிருக்கின்றது.

படகின் வயிற்றில் யார் குடியேறுகின்றார்கள் என்பதை வரிசையாகக் காண்போம். தூய பலகையொன்றை நீரில் இறக்கிய சில நிமிடங்களிலேயே, நீரில் கரைந்துள்ள புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அதன்மேல் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து அப்படலத்தில் அமர்ந்து, தம்மைச் சுற்றிப் பிசின் சுரக்கின்றன. அடுத்து டயாட்டம் என்னும் ஓரணுப் பாசிகள். இவையெல்லாம் சேர்ந்ததே நாம் கையால் தொட்டால் வழுக்கும் வழும்பு. இதுவரை துணியொன்று போதும், வழித்தெடுத்துவிடலாம்.

வழும்புக்குப் பின்னால் வருபவை பச்சைப் பாசி, கொட்டலசு, சிப்பி ஆகியவை. இவற்றுள் கொட்டலசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்த்தால் சுண்ணாம்புக் கூடு. சிப்பியின் உறவு போலத் தோன்றும். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. டார்வின் பரிணாமத்தைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிடுமுன் எட்டு ஆண்டுகள், 1846 முதல் 1854 வரை, இந்தக் கொட்டலசுகளையே ஆராய்ந்துகொண்டிருந்தார். இதன் இளம்பருவம் நீரில் நீந்தித் திரியும். இறுதி இளம்பருவத்தில் அது உண்பதே இல்லை. அதற்கு ஒரே வேலை வீடு தேடுவது. தன் சிறு கொம்புகளை ஊன்றிப் படகின் அடியில் நடந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் விட்டு நீந்திப் போகும். பிடித்துவிட்டால் தலைகீழாக நின்று பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஆயுள் முழுவதும் அங்கேதான். கால்களால் நீரைத் துழாவி உணவை வாரிக்கொள்ளும். நாம் செய்யும் பசைகளில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒட்டா. இதன் புரதப் பசையோ நீருக்கடியிலேயே இறுகுகின்றது.

இத்தனை சிறிய உயிர் ஒட்டினால் என்ன கெட்டுப்போகும்? நீரை உராய்ந்து செல்லும் பரப்பு சொரசொரப்பானால் இழுவை கூடும் என்பது பள்ளிப் பௌதிகம். எவ்வளவு கூடும் என்பதுதான் வியப்பு. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சேர்ந்த ஷுல்ட்ஸ் என்பவர் 2007இல் ஒரு போர்க்கப்பலை வைத்துக் கணக்கிட்டார். மணிக்கு 15 கடல்மைல் வேகத்தைக் காப்பதற்கு, வழவழப்பான உடலை ஒப்பிட, தடித்த வழும்பு மட்டும் படிந்திருந்தாலே 21 சதவீதம் கூடுதல் யந்திர ஆற்றல் வேண்டும். கொட்டலசு முதலிய சுண்ணாம்பு ஓட்டு உயிர்கள் மிகுதியாகப் படிந்தால் 86 சதவீதம் கூடுதலாக வேண்டும். போர்க்கப்பலின் எண்ணை அப்படியே விழிஞ்ஞத்து வள்ளத்துக்குப் பொருத்த முடியாது. நீளமும் வேகமும் வேறு. ஆனால் போக்கு ஒன்றுதான். கப்பலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்க அரசு இருக்கின்றது. வள்ளத்துக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வாங்குபவர் அன்றைய மீனை விற்ற காசில் வாங்குகின்றார். கொட்டலசு தின்பது அவருடைய கூலியை.

இந்தப் போராட்டம் பழையது. மரக்கப்பல்களின் காலத்தில் ஆங்கிலக் கடற்படையினர் 1761இல் ‘அலாரம்’ என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தினர். செம்பு சிறிது சிறிதாகக் கடல்நீரில் கரைவதால், அதன் அயனிகள் ஒட்ட வந்த உயிர்களுக்கு நஞ்சாயின. கப்பல் தூய்மையாக இருந்தது. ஆனால் தகட்டைப் பலகையோடு பிணைத்த இரும்பாணிகள் அரித்துப் போயின. செம்பும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்தால் மின்கலம் ஆகிவிடும். அதில் அழிவது இரும்பு. இதனையே தலைகீழாக்கினார் ஹம்ப்ரி டேவி. செப்புத் தகடு வீணாகக் கரைகின்றதே என்று கடற்படை அவரை அணுகியபோது, 1824இல், செம்போடு சிறு இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத் துண்டுகளையோ சேர்த்து வைத்தார். துண்டுகள் கரைந்தன; செம்பு கரையவில்லை. சோதனை வெற்றி. கப்பல்களோ பாசியும் கொட்டலசும் மண்டித் திரும்பின! செம்பு கரைந்தால்தானே உயிர்கள் விலகும்? அவருடைய காப்புத் துண்டுகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. விஞ்ஞான வரலாற்றில் இதைப்போல் முழு வெற்றியே முழுத் தோல்வியான கதை வேறொன்று எனக்குத் தெரியாது. இன்று இரும்புக் கப்பல்களில் துத்தநாகக் கட்டிகள் தொங்குவது அவருடைய கண்டுபிடிப்பின் பயனே.

இன்றும் படகடி வண்ணங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது செம்பின் ஆக்சைடுதான். இடையில் 1960களில் டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் வந்தது. செம்பைவிடப் பன்மடங்கு வல்லது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் ஆளிப் பண்ணைகள் சீரழிந்த பிறகுதான் அதன் கொடுமை தெரிந்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்ததையும் கண்டனர். பிரான்சு 1982இல் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001இல் உருவாக்கிய உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் உலகளவில் விலக்கப்பட்டது. இதை ஏன் சொல்கின்றேன் என்றால், படகின் அடியைத் தேய்ப்பவர் கையில் வருவது வெறும் அழுக்கன்று. அழுக்கோடு நஞ்சும் வருகின்றது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். படகை இரு பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீர்க்கோட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே வேறொரு முறை. மெழுகு மேலே மட்டுந்தான். கீழே பூசலாமா என்று பலர் கேட்கின்றனர். நீருக்கடியில் மெழுகு பூச முடியாது என்பது ஒருபுறம் இருக்க, கரையிலேயே பூசி இறக்கினாலும் கொட்டலசு மெழுகைப் பொருட்படுத்துவதில்லை. போதாக்குறைக்கு, பின்னர் வண்ணம் பூசும்போது மெழுகுப் பரப்பில் வண்ணம் பிடிக்காமல் உரிந்து வரும்.

மேற்பகுதியில் கண்ணாடியிழையின்மேல் ‘ஜெல் கோட்’ என்ற நிறமேற்றிய பிசின் பூச்சு இருக்கும். கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நம் நாட்டு வெயிலின் புறஊதாக் கதிர்கள் அப்பிசினின் பிணைப்புகளை உடைக்கின்றன. மேற்பரப்பு வெளுத்துப் பொடியாகின்றது. கையால் தடவிப் பாருங்கள். கரும்பலகையைத் துடைத்த கைபோல வெள்ளை ஒட்டினால் ஜெல் கோட் கெட்டுக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அதன்மேல் மெழுகு பூசினால் நான்கு நாள் பளபளக்கும். பிறகு பழைய கதைதான். முதலில் தேய்ப்புக் களிம்பால் அந்தப் பொடிப் பரப்பை நீக்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த அரை மில்லிமீட்டரில் சிறிது போகின்றது. ஆகவே அடிக்கடி தேய்ப்பவன் படகுக்கு நன்மை செய்பவன் அல்லன். தேய்க்க நேராதபடி காலத்தில் மெழுகு பூசுகின்றவனே செய்பவன்.

படகை முதலில் நன்னீரால் கழுவ வேண்டும். உப்புப் படிகங்கள் இருக்கும்போது துடைத்தால் அவையே உப்புத்தாள் ஆகிவிடும். சவர்க்காரம் சிறிதளவு போதும்; நுரை மீன்களின் செவுளுக்குப் பகை. நீர்க்கோட்டை ஒட்டி மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை ஓடும். பூவாற்றுப் படகுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். இலைகளும் மரப்பட்டைகளும் ஊறிய நீரின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. சவர்க்காரத்துக்கு அசையாது. ஆக்சாலிக் அமிலத்துக்கு அசையும். இரும்பு அயனியை ஆக்சலேட்டு பற்றிக்கொண்டு நீரில் கரையும் சேர்மமாக்கிவிடுகின்றது. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் பச்சைப் படிகச் சேர்மம் இதுவே. அமிலத்தைக் களிம்பாகத் துணியில் எடுத்துத் தடவி, சில நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வாளியோடு கொட்டிக் காயலில் ஓடவிடக் கூடாது. கையுறை கட்டாயம், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. சில இடங்களில் மலிவென்று குளியலறை அமிலத்தை ஊற்றுகின்றனர். கறை போவது உண்மை. ஆணியும் கைப்பிடியும் கூடவே போகும்.

மிதக்கும் படகில் மெழுகு பூசுவதன் முழுச் சங்கடமும் நீர் தெறிப்பதுதான். ஈரப் பரப்பில் மெழுகு பிடிக்காது. காற்று எழுமுன் விடியற்காலையில், பிற படகுகள் ஓடாத மூலையில், அணியத்தையும் அமரத்தையும் இறுகக் கட்டிக்கொண்டு, இடையில் பழைய டயர்களைத் தொங்கவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்தபின் படகைத் திருப்பிக் கட்டுவது எளிது. தொழிலாளி நிற்பதற்கு மேடையோ சிறு தோணியோ வேண்டும். நீர்க்கோட்டுக்கு நெருங்கிய சில அங்குலங்கள்தாம் எப்போதும் நனைந்துகொண்டிருக்கும். அதற்கும் வழி உண்டு. மணல்மூட்டைகளையோ நீர்க்கேன்களையோ எதிர்ப்பக்க விளிம்பில் வைத்தால் படகு அந்தப் பக்கம் சாயும். இந்தப் பக்கம் சில அங்குலம் நீரைவிட்டு எழும். துடைத்து உலரவிட்டுப் பூசிவிடலாம். ஆர்க்கிமிடீசின் விதிக்கு இதைவிட மலிவான பயன் ஏது?

மெழுகில் சிறந்தது கார்னௌபா. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகும். கார்னௌபா 82 பாகைக்கு மேல்தான் உருகும். வெயிலில் கிடக்கும் கருநீலப் படகைத் தொட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். மெழுகு செய்வது இரண்டு வேலை: ஜெல் கோட்டின் நுண்குழிகளை நிரப்புகின்றது, நீர் பரவாமல் முத்தாகத் திரளச் செய்கின்றது. அழுக்கு நீரோடு உருண்டு போய்விடும். ஒரு முழம் இரு முழமாக மெல்லியதாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் மென்துணியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தடிப்பாகப் பூசினால் கூடுதல் காப்பு என்று எண்ணுவது தவறு. மிகுந்த மெழுகு துணிக்குத்தான் போகும். எங்கள் தெருவில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: இழை கஞ்சியைக் குடித்திருக்க வேண்டுமே தவிரக் கஞ்சிக்குள் கிடக்கக் கூடாது.

தேய்ப்பதற்குச் சுழலும் யந்திரம் இருக்கின்றது. கரையிலிருந்து 230 வோல்ட் கம்பியை இழுத்துப் படகோரம் வேலை செய்வதை நான் கண்டிருக்கின்றேன். கண்டபோது நெஞ்சு பதைத்தது. மின்கல யந்திரமே போதும். அதையும் கயிற்றால் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நீரில் மின்சாரம் கசிந்தால் அங்கே நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்குவார். உப்புநீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம். காரணம், நன்னீரைவிட நம் உடல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மின்னோட்டம் நீரை விட்டு உடலுக்குள் பாயும். மழைக்காலத்துப் பூவாற்று நீர் ஏறக்குறைய நன்னீரே.

இனி நீர்க்கோட்டுக்குக் கீழே. இங்கே முதல் விதி, வழும்புப் பருவத்திலேயே துடைத்துவிடுவது. நீரில் இறங்காமலே செய்யும் ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய சாக்குத் துணியின் இரு முனையிலும் கயிறு கட்டி, அணியத்தின் கீழே நுழைத்து, படகின் இருபுறமும் இருவர் நின்று மாறி மாறி இழுக்கின்றனர்; ஓடத்தின் அடியில் இன்னொரு ஓடம் நாடாபோலப் போய்வருகின்றது. அப்படியே அமரம் வரை நகர வேண்டும். வெளிப்புற மோட்டாரை முன்னதாகவே தூக்கி நிறுத்திவிட வேண்டும். உள்யந்திரப் படகாயின் சுழலியின் அருகே கயிறு சிக்கும். அந்தப் பகுதிக்கு ஆள்தான் இறங்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் யந்திரத்தின் சாவி இருக்கட்டும். மேலே ஒருவர் காவல் நிற்கட்டும். தனியே ஒருவரும் இறங்கலாகாது.

தேய்க்கும்போது நீரில் சிவப்பாகவோ நீலமாகவோ புகைபோல எழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். அது பாசியன்று, வண்ணம். தேய்ந்து கரையும் வகை வண்ணங்கள் மெல்லிய துடைப்பையே தாங்கும். கடினத் தூரிகை அவற்றை உரித்துக் காயலில் கரைத்துவிடும். வண்ணத்துக்குக் கொடுத்த பணமும் போகும். அடியில் கிடக்கும் கக்கைக்கும் செம்பு போய்ச் சேரும். அந்தக் கக்கையைத்தான் மறுநாள் யாரோ வாரிக் கறி சமைக்கின்றனர். கொட்டலசு வந்துவிட்டால் துணி பயன்படாது. பிளாஸ்டிக் தகட்டால் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்க வேண்டும். இரும்புத் தகடு வண்ணத்தோடு ஜெல் கோட்டையும் கீறும். கீறலில் அடுத்த கொட்டலசு முதல் ஆளாக வந்து அமரும்.

பெயர்த்ததை நீரில் விடாமல் வலைப்பையில் வாங்கிக் கரைக்குக் கொண்டுவருவது நல்லது. இது வெறும் தூய்மைக்காக அன்று. வெப்ப அமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற சிப்பி இப்போது கேரளக் காயல்களில் பெருகி, அஷ்டமுடியில் உள்ளூர்க் கக்கைகளின் இடத்தைப் பிடித்துவருகின்றது. இத்தகையவை கப்பலடியில் ஒட்டியும் கப்பலின் நிலைநீரிலும் பயணம் செய்பவை. படகடி உயிர்கள் நாடு விட்டு நாடு போவதைத் தடுக்க அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2011இல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டு, 2023இல் அவற்றைத் திருத்தியது. நீரடித் துடைப்பில் பெயர்ந்து விழுவதைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது அவற்றின் முக்கியக் கருத்துகளுள் ஒன்று. விழிஞ்ஞத்தில் 2024 சூலையில் முதல் சரக்குப்பெட்டகப் பெருங்கப்பல் வந்தது. துறைமுகம் 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் எல்லாக் கடல்களிலும் மிதந்த வயிறுகள் இனி நம் கரைக்கு வரும். அங்குள்ள பாறைகளில் விழிஞ்ஞத்தார் முத்தெடுப்பவரைப்போல் மூழ்கி எடுக்கும் பழுப்புச் சிப்பியும் இருக்கின்றது.

கடைசியாக, செலவே இல்லாத முறை ஒன்று உண்டு. கடல் கொட்டலசுகளும் சிப்பிகளும் நன்னீரில் நெடுநாள் வாழமாட்டா. ஓடு மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும்; பிறகு சாகும். பொழிமுகத்தில் கட்டியிருக்கும் படகை நெய்யாற்றில் உப்பேறாத இடம் வரை கொண்டுபோய் ஒரு வாரம் பத்து நாள் நிறுத்தினால் பாதி வேலை ஆறே செய்துவிடும். செத்த கொட்டலசின் சுண்ணாம்பு அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிறகு தகட்டால் நீக்கிக்கொள்ளலாம். ஆற்றில் கிடக்கும் அந்த நாட்களிலேயே மேற்பகுதிக்கு மெழுகும் பூசிவிடலாம். அங்கே அலை இல்லை, கழுவ நன்னீரும் கையெட்டும் தூரத்தில்.